அடுத்த மாதப் பணவீக்கத்தை எப்படிக் கணிப்பது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணித மாடல் போட்டுப் பொருளாதாரத்தைக் கணிக்க வேண்டும் என்று ஆர்வம் வந்தவுடன் பலரும் செய்வது ஒன்றுதான்: நிஃப்டி பங்குச் சந்தைக் குறியீட்டின் தரவை இறக்கி, நியூரல் நெட்வொர்க் என்ற கணினி மாடலில் போட்டு, நாளைக்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்று பார்ப்பது. கற்றுக்கொள்ள இதைவிட மோசமான தொடக்கம் இல்லை. நாளைய விலை பற்றித் தெரிந்த அநேக விஷயங்கள் இன்றைய விலையிலேயே அடங்கிவிடுகின்றன. எவ்வளவு உழைத்தாலும் நீங்கள் போட்ட மாடல் நல்லதா கெட்டதா என்று தெரியவே தெரியாது.

அதற்குப் பதிலாக இந்தியாவின் சில்லறைப் பணவீக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, 12ஆம் தேதி வாக்கில், மத்திய புள்ளியியல் அமைச்சகம் அந்த எண்ணை வெளியிடுகிறது. வட்டி விகிதத்தை முடிவு செய்ய ரிசர்வ் வங்கி பார்ப்பது இதைத்தான். 2016ல் சட்டத்தைத் திருத்தி அதற்குக் கொடுத்த இலக்கு 4 சதவீதம். 2க்குக் கீழே போகக் கூடாது, 6க்கு மேலே ஏறக் கூடாது. தரவு இலவசம், கணக்கு புரியும்படி இருக்கும், நீங்கள் சொன்னது சரியா என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். பழகுவதற்கு இதுபோதும்.

எக்செல் தெரிந்தால் பாதி தூரம் போகலாம். மீதிக்குப் பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழி கொஞ்சம் வேண்டும். ஆனால் இந்த வேலையில் மாடலைவிடச் சோதனைதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அதனால் கீழே உள்ள படிகளில் மாடல்களுக்கு ஒதுக்கிய இடத்தைவிட அவற்றைச் சோதிப்பதற்கு ஒதுக்கிய இடம் அதிகம்.

முதல் படி: கேள்வியைத் தேதியோடு எழுதுங்கள்

"பணவீக்கத்தைக் கணிக்கப் போகிறேன்" என்பது கேள்வியே இல்லை. "செப்டம்பர் 30 அன்று உட்கார்ந்து, அன்று வரை வெளியான தகவலை மட்டும் வைத்து, அக்டோபர் 12 அன்று வரப்போகும் செப்டம்பர் மாதப் பணவீக்கத்தைச் சொல்கிறேன்" என்பதுதான் கேள்வி. எந்த எண், எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில் நின்று என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதித் தவறுகளை அது தடுக்கும்.

எண்ணைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நுகர்வோர் விலைக் குறியீடு என்பது ஒரு குடும்பம் வாங்கும் பொருள்களும் சேவைகளும் அடங்கிய கூடையின் விலை. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை எடுத்தார்கள். கூடையில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை, வீட்டு வாடகைக்கு 10.07, எரிபொருளுக்கும் விளக்குக்கும் 6.84, துணிமணி காலணிக்கு 6.53, வெற்றிலை பாக்கு புகையிலைக்கு 2.38, மீதி 28.32 கல்வி, மருத்துவம், போக்குவரத்து போன்றவற்றுக்கு. இந்தக் கட்டுரையில் வரும் குறியீட்டு எண்கள் எல்லாம் இந்தத் தொடரைச் சேர்ந்தவை.

செய்தியில் வரும் "பணவீக்கம் 5 சதவீதம்" என்பது குறியீடு அல்ல. இந்த மாதக் குறியீடு போன ஆண்டு இதே மாதக் குறியீட்டைவிட எவ்வளவு சதவீதம் கூடியிருக்கிறது என்பதுதான் அது. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், மூன்றாம் படியில் முழுக்க இதுதான் பேச்சு.

இரண்டாம் படி: தரவு, கூடவே அது வெளியான தேதி

அமைச்சகத்தின் தளத்தில் மாதவாரிக் குறியீடு கிடைக்கும், மொத்தமாகவும் உட்பிரிவு வாரியாகவும். இரண்டாவதாக, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நாடெங்கும் உள்ள மையங்களிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு போன்றவற்றின் விலையைத் தினமும் திரட்டி வெளியிடுகிறது. முன்பு 22 பொருள்கள் இருந்தன, 2024 ஆகஸ்டில் 38 ஆக்கினார்கள். மூன்றாவதாக, அக்மார்க்நெட் என்ற மத்திய அரசுத் தளத்தில் மொத்தச் சந்தைகளின் விலையும் வரத்தும் இருக்கும். மகாராஷ்டிரத்து லாசல்காவ் வெங்காயமும் கர்நாடகத்துக் கோலார் தக்காளியும் அங்கே வந்துவிடும். தொடங்க இந்த மூன்றும் தாராளம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இரண்டு தேதிகள் வையுங்கள். ஒன்று, அது எந்த மாதத்தைப் பற்றியது. மற்றது, அது எந்த நாளில் உலகுக்குத் தெரிய வந்தது. புதியவர்கள் இரண்டாவதை விட்டுவிடுவார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். மொத்த விலைக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதத்து மொத்த விலையை வைத்துச் சில்லறைப் பணவீக்கத்தைக் கணித்தால் அருமையாகப் பொருந்தும். ஆனால் மொத்த விலைக் குறியீடு வெளியாவது 14ஆம் தேதி வாக்கில், சில்லறைக்கு இரண்டு நாள் கழித்து. நீங்கள் கணித்துச் சொல்ல வேண்டிய நாளில் அந்த எண் உங்கள் கையில் இருந்திருக்கவே முடியாது. மாடல் சோதனையில் பிரமாதமாக நடந்து, நிஜத்தில் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மாதிரித் தகவல் கசிவைத்தான்.

இன்னும் மூன்று பள்ளங்கள் உண்டு. முதலில் வெளியாகும் எண் தற்காலிகமானது, அடுத்த மாதம் கொஞ்சம் மாறலாம், அதனால் இரண்டையும் எக்செலில் தனித்தனிப் பத்தியில் (column) வையுங்கள். 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஊரடங்கால் விலை எடுக்க முடியவில்லை, அந்த மாதங்களுக்கான எண்கள் பின்னால் மதிப்பிட்டு நிரப்பியவை. அவற்றை மாடலுக்குக் கற்றுக்கொடுக்காமல் விடுவதே நல்லது. மூன்றாவது, அடிப்படை ஆண்டு அவ்வப்போது மாறும். 2010 ஆக இருந்ததை 2015 தொடக்கத்தில் 2012 ஆக்கினார்கள். புதுத் தொடர் வரும்போது அமைச்சகம் தரும் இணைப்புக் காரணியைக் கொண்டு பழையதையும் புதியதையும் கோக்க வேண்டும். கோக்காமல் ஒட்டினால் நடுவில் ஒரு செங்குத்துப் பள்ளம் தெரியும், மாடல் அதை நிஜம் என்று நம்பிவிடும்.

கிராமம் நகரம் இரண்டும் சேர்ந்த தேசியக் குறியீடு 2011 ஜனவரியிலிருந்துதான் இருக்கிறது. 2025 முடிய வெறும் 180 மாதங்கள். கணினியே தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங் உலகில் இது ஒரு கைப்பிடி கூட இல்லை.

மூன்றாம் படி: மாடலைத் தொடும் முன் பேனாவால் ஒரு கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2024 ஜூலையைப் பாருங்கள். ஜூனில் 5.08 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஜூலையில் 3.54க்கு இறங்கியது. விலை குறைந்ததா? இல்லவே இல்லை. குறியீடு 190.2லிருந்து 192.9க்கு ஏறியது. ஒரே மாதத்தில் 1.4 சதவீத உயர்வு, அது சின்ன விஷயமில்லை. பிறகு ஏன் பணவீக்கம் இறங்கியது? போன ஆண்டு ஜூலையில் விலை இன்னும் வேகமாக ஏறியிருந்தது. 2023 ஜூனில் 181.0 ஆக இருந்த குறியீடு ஜூலையில் 186.3 ஆனது, ஏறக்குறைய 2.9 சதவீதம். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்ற மாதம் அது. ஒப்பிடும் அடித்தளமே உயர்ந்துவிட்டதால் இந்த ஆண்டின் விகிதம் தாழ்ந்து தெரிந்தது. இதைத்தான் பேஸ் எஃபெக்ட் என்கிறார்கள்.

இதில் புதியவருக்கு ஒரு பெரிய நன்மை ஒளிந்திருக்கிறது. கணக்கின் கீழ்ப்பகுதி, அதாவது போன ஆண்டுக் குறியீடு, ஏற்கெனவே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: இந்த மாதம் விலை எவ்வளவு நகரும் என்பது. ஆகவே மாடல் கணிக்க வேண்டியது ஆண்டு விகிதத்தை அல்ல, ஒரு மாத நகர்வை.

கையால் செய்து பார்ப்போம். 2024 ஆகஸ்ட் 12 அன்று ஜூலைக் குறியீடு 192.9 என்று தெரிந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் குறியீடு 186.2. விலை அசையாது என்று வைத்துக்கொண்டால் 192.9ஐ 186.2ஆல் வகுக்க, 3.60 சதவீதம். வந்தது 3.65. சரி, அடுத்த மாதம். ஆகஸ்ட் 193.0, 2023 செப்டம்பர் 184.1. விலை அசையாவிட்டால் 4.83 சதவீதம். வந்தது 5.49. கொஞ்சம் தள்ளித்தான் விழுந்தது, ஆனால் 3.65லிருந்து பெரிதாக ஏறப்போகிறது என்பதை வெறும் வகுத்தல் சொல்லிவிட்டது. அக்டோபருக்கு வாருங்கள். செப்டம்பர் 194.2, 2023 அக்டோபர் 185.3. கணக்கு சொல்வது 4.80. வந்தது 6.21. இந்த முறை நன்றாகவே தவறியது. காய்கறி விலை அந்த அக்டோபரில் போன ஆண்டைவிட 42 சதவீதம் கூடியிருந்தது, "விலை அசையாது" என்ற நம் அனுமானம் அங்கே உடைந்தது.

இப்போது நமக்கு வேலை தெளிவாகிவிட்டது. வகுத்தல் தரும் பகுதியை வகுத்தலுக்கே விட்டுவிட்டு, மாத நகர்வுக்கு மட்டும் மாடல் தேட வேண்டும்.

நான்காம் படி: தோற்கடிக்க வேண்டிய எளிய எதிராளி

எந்த மாடலையும் தனியாக நிறுத்தி நல்லது என்று சொல்ல முடியாது. எதைவிட நல்லது என்று சொல்ல வேண்டும். அதற்கு எளிய ஒப்பீடுகள் வேண்டும். முதலாவது, போன மாத விகிதமே இந்த மாதமும். இரண்டாவது, நாம் மேலே செய்த அசையாக் குறியீட்டுக் கணக்கு. மூன்றாவது, இதே மாதத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் சராசரியாக எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு நகரும் என்பது.

முதல் ஒப்பீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலரும் கவனிப்பதில்லை. "போன மாத விகிதமே தொடரும்" என்று சொன்னால், "போன ஆண்டு இதே மாதம் விலை எவ்வளவு நகர்ந்ததோ இந்த ஆண்டும் அதே சதவீதம் நகரும்" என்று சொல்வதாகத்தான் பொருள். 2024 செப்டம்பரில் அந்த ஒப்பீடு படுமோசமாக 1.84 சதவீதப் புள்ளி தவறியதற்குக் காரணம் இதுதான். 2023 செப்டம்பரில் தக்காளி சரிந்து குறியீடு 1.1 சதவீதம் இறங்கியிருந்தது. இந்த ஆண்டும் அப்படியே இறங்கும் என்று அது மறைமுகமாகப் பந்தயம் கட்டியது.

மூன்று மாதங்களையும் சேர்த்துப் பாருங்கள். போன மாத விகிதத்தின் பிழைகள் 0.11, 1.84, 0.72, சராசரி 0.89. அசையாக் கணக்கின் பிழைகள் 0.05, 0.66, 1.41, சராசரி 0.71. அக்டோபரை மட்டும் பார்த்திருந்தால் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும். மூன்று மாதம் போதவே போதாது, குறைந்தது 24 மாதம், முடிந்தால் 36 மாதம் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

எளிய எதிராளியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். நாணய மாற்று விகிதத்துக்கு 1970களில் இருந்த பெரிய பொருளாதார மாடல்கள் எல்லாம் "இன்றைய விலையே நாளைக்கும்" என்ற கணிப்பை வெல்லவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் மீஸும் ரோகாஃபும் 1983ல் காட்டினார்கள். அமெரிக்கப் பணவீக்கத்துக்கு, வேலையின்மையை வைத்துக் கணிக்கும் ஃபிலிப்ஸ் வளைவு மாடல்கள் கடந்த நான்கு காலாண்டுகளின் பணவீக்கத்தையே திருப்பிச் சொல்வதை வெல்லவில்லை என்று அட்கெசனும் ஒஹானியனும் 2001ல் காட்டினார்கள். துறையின் ஜாம்பவான்கள் தடுக்கி விழுந்த படிக்கட்டு இது.

ஐந்தாம் படி: காலத்தைக் கலைக்காமல் சோதியுங்கள்

மெஷின் லேர்னிங் பாடங்களில் தரவைக் குலுக்கி, எண்பதைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் பிரிக்கச் சொல்வார்கள். மாதம் மாதமாக வரிசையில் வரும் இப்படிப்பட்ட காலத்தொடரில் அதைச் செய்யக் கூடாது. குலுக்கினால் 2023 ஆகஸ்டைப் படித்த மாடல் 2023 ஜூலையைக் கணிக்கும். எதிர்காலத்தைத் தெரிந்துகொண்டு கடந்ததைச் சொல்வது கணிப்பல்ல.

சரியான முறை இது. 2011 முதல் 2021 வரை உள்ள தரவை மட்டும் கொடுத்து மாடலைப் பயிற்றுவியுங்கள். 2022 ஜனவரியைக் கணியுங்கள், எழுதிவையுங்கள். பிறகு 2022 ஜனவரி எண்ணையும் பயிற்சியில் சேர்த்து மாடலை மறுபடி பயிற்றுவித்துப் பிப்ரவரியைக் கணியுங்கள். இப்படியே ஒவ்வொரு மாதமாக நகருங்கள். பைத்தானின் சைகிட்-லேர்ன் தொகுப்பில் இதற்கு டைம்சீரிஸ்ஸ்ப்ளிட் என்று ஒரு கருவி உண்டு, ஆனால் முதல்முறை ஒரு சாதாரண சுழற்சியாக நீங்களே எழுதுங்கள். அப்போதுதான் எந்த நாளில் எந்த எண் கையில் இருக்கிறது என்பது விரல்நுனிக்கு வரும்.

நுட்பமான கசிவுகளும் உண்டு. எல்லா மாறிகளையும், அதாவது கணிக்க உதவும் எண்களை, ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர மொத்தத் தரவின் சராசரியை எடுத்தால் அதில் எதிர்காலம் கலந்துவிடுகிறது, சராசரியைப் பயிற்சிக் காலத்திலிருந்து மட்டும் எடுங்கள். விடுபட்ட மாதத்தை முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கொண்டு நிரப்பினாலும் இதே கதைதான். வருடா வருடம் அதே மாதங்களில் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்கும் பருவகாலத் திருத்தமும் அப்படித்தான்: முழுத் தொடரையும் ஒரே தடவையில் திருத்தி, பிறகு நடுவிலிருந்து சோதனை நடத்துவது கசிவுதான்.

ஆறாம் படி: புள்ளியியல் மாடல்கள்

இரண்டு குடும்பங்கள் போதும். ஒன்று, எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங். ஹோல்ட், விண்டர்ஸ் ஆகியோர் 1957லும் 1960லும் உருவாக்கியது, இன்றும் தெம்பாக நிற்கிறது. அண்மை மாதங்களுக்கு அதிக எடை, பழையவற்றுக்குக் குறைந்த எடை, போக்கும் பருவகாலமும் தனித்தனியாக. இன்னொன்று, பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970ல் பிரபலப்படுத்திய அரிமா, கடந்த மாதங்களின் எண்களையும் பிழைகளையும் வைத்து அடுத்ததைச் சொல்வது, அதன் பருவகால வடிவம் சரிமா. பைத்தானில் ஸ்டாட்ஸ்மாடல்ஸ், ஆர் மொழியில் ஃபேபிள், இரண்டிலும் சில வரிகளில் முடிந்துவிடும். மாத நகர்வைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் இவை இரண்டுக்கும் தக்காளி தெரியாது. இங்கேதான் பிரித்துக் கணிப்பது கைகொடுக்கிறது. மொத்தக் குறியீட்டை ஒரே எண்ணாகப் பார்க்காமல் காய்கறி, தானியம், எண்ணெய், பால், எரிபொருள், மீதி எல்லாம் என்று ஆறேழாகப் பிரியுங்கள். உணவும் எரிபொருளும் நீங்கிய மீதிப் பகுதி மெதுவாக நகரும், எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங்கே அதைச் சமாளிக்கும். காய்கறிக்கோ மாதம் முழுவதும் தினசரி விலை உங்கள் கையில் இருக்கிறது. செப்டம்பர் 30 அன்று செப்டம்பர் மாதச் சராசரி வெங்காய விலை தெரியும். போன மாதச் சராசரியிலிருந்து அது எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு மாறியாகவும், காய்கறிக் குறியீட்டின் மாத நகர்வை விடையாகவும் வைத்து ஒரு சாதாரண ரிக்ரஷன், அதாவது மாறிக்கும் விடைக்கும் உள்ள உறவைக் காட்டும் கோடு, போடுங்கள். இந்த ஒரு ரிக்ரஷன் தரும் முன்னேற்றத்தை வேறெந்த ஆடம்பர மாடலும் எளிதில் தராது என்பது என் கணிப்பு. நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஒரு பொருள் மொத்த எண்ணை எவ்வளவு ஆட்டும் என்பதையும் மனக்கணக்காகப் போடப் பழகுங்கள். கூடையில் தக்காளியின் எடை சுமார் 0.6 சதவீதம்தான். 2023 ஜூலையில் அதன் விலை ஓராண்டில் ஏறக்குறைய மூன்று மடங்கானது, அதாவது 200 சதவீத உயர்வு. 0.6ஐ இரண்டால் பெருக்குங்கள்: தோராயமாக 1.2 புள்ளி. அந்த மாதத்து 7.44 சதவீதத்தில் ஒரு புள்ளிக்கு மேல் ஒரே ஒரு காயிலிருந்து வந்தது. 2024 அக்டோபருக்கும் இதே கணக்கு: காய்கறிகளின் மொத்த எடை 6.04, உயர்வு 42 சதவீதம், சுமார் இரண்டரைப் புள்ளி. துல்லியமான கணக்கில் அடிப்படை ஆண்டுக்குப் பின் அந்தப் பொருளின் குறியீடு மொத்தக் குறியீட்டைவிட எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் சேரும், ஆனால் மனக்கணக்குக்கு இது போதும்.

ஏழாம் படி: மெஷின் லேர்னிங், அளவோடு

இப்போதுதான் இதற்கு நேரம். லாசோ என்ற ரிக்ரஷனில் தொடங்குங்கள். ஐம்பது மாறிகளைக் கொடுத்தால் பயனற்றவற்றுக்குத் தரும் எடைகளைப் (கெழுக்களை) பூஜ்யமாக்கிவிட்டுச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும். 180 மாதமே உள்ள தரவுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவை. அடுத்து ரேண்டம் ஃபாரஸ்ட், ஆம் இல்லை கேள்விகளாகக் கிளை பிரியும் நூற்றுக்கணக்கான முடிவு மரங்களின் சராசரி. அப்புறம் எக்ஸ்ஜிபூஸ்ட் போன்ற பூஸ்டிங் முறைகள், முந்தைய மரத்தின் பிழையை அடுத்த மரம் திருத்தும்படி கட்டுபவை.

மரங்களை வைத்துச் செய்யும் மாடல்களுக்கு ஒரு குணம் உண்டு. பயிற்சியில் பார்த்த அதிகபட்ச எண்ணுக்கு மேல் அவற்றால் சொல்ல முடியாது. குறியீட்டையே கொடுத்தால், 193 வரை பார்த்த மரம் 197 என்று ஒருநாளும் சொல்லாது. விலைவாசியோ வருடா வருடம் புது உச்சம் தொடுவது. அதனால் குறியீட்டைக் கொடுக்காதீர்கள், மாத மாற்றத்தைக் கொடுங்கள்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பணவீக்கத்துக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் பழைய முறைகளை வென்றது என்று மெதெய்ரோஸும் மூன்று சகாக்களும் 2021ல் காட்டினார்கள். ஆனால் அவர்களிடம் இருந்தது 1960லிருந்து தொடங்கும், நூற்றுக்கும் மேற்பட்ட மாறிகள் கொண்ட தரவு. நம்மிடம் அது இல்லை. ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் நடத்தும் கணிப்புப் போட்டிகளும் இதையே சொல்கின்றன. 2018ல் ஒரு லட்சம் தொடர்களை வைத்து நடந்த எம்4 போட்டியில் தனி மெஷின் லேர்னிங் முறைகள் ஆறு பங்கேற்றன. எளிய புள்ளியியல் முறைகளின் சராசரியை அவற்றில் ஒன்றுகூட வெல்லவில்லை. ஜெயித்தது எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங்கையும் நியூரல் நெட்வொர்க்கையும் இணைத்த ஒரு கலப்பு. அதற்கு அடுத்து வால்மார்ட் விற்பனையை வைத்து நடந்த எம்5ல் பூஸ்டிங் முறைகள் கொடி நாட்டின. ஆயிரக்கணக்கான பொருள்கள், தினசரி விற்பனை, ஒன்றிலிருந்து இன்னொன்று கற்றுக்கொள்ள இடமிருந்த தரவு அது. கருவியைத் தேர்ந்தெடுப்பது தரவின் அளவுதான்.

ரேண்டம் ஃபாரஸ்ட் "முக்கியமான மாறிகள்" என்று ஒரு பட்டியல் தரும். அதைக் காரணங்களின் பட்டியலாகப் படிக்காதீர்கள். வெங்காய வரத்து முதலிடத்தில் வந்தால் கணிப்புக்கு அது உதவுகிறது என்று மட்டுமே பொருள். வரத்தைக் கூட்டினால் பணவீக்கம் எவ்வளவு இறங்கும் என்பது வேறு கேள்வி, வேறு முறைகள் கேட்கும் கேள்வி. கொள்கை மாறினால் பழைய உறவுகளே மாறிவிடும் என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் லூகாஸ் 1976ல் எச்சரித்தது இங்கே அப்படியே பொருந்தும்.

எட்டாம் படி: சராசரி எடுங்கள், எல்லை சொல்லுங்கள்

மூன்று நான்கு மாடல்கள் தயாரானதும் எது சிறந்தது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். வேண்டாம். அவற்றின் கணிப்புகளைக் கூட்டிச் சராசரி எடுங்கள். இணைத்த கணிப்பு தனிக் கணிப்புகளைவிட நன்றாக இருக்க முடியும் என்று பேட்ஸும் கிரேஞ்சரும் 1969லேயே காட்டினார்கள், அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதையே உறுதிப்படுத்தின. சம எடையே போதும்.

பிழையை அளக்க, தவறிய அளவுகளின் சராசரியை எளிய எதிராளியின் சராசரிப் பிழையால் வகுங்கள். 1க்குக் கீழே வந்தால் ஜெயித்தீர்கள். 0.97 வந்தால் கொண்டாட வேண்டாம், தற்செயலாக இருக்கலாம். டீபோல்டும் மரியானோவும் 1995ல் தந்த சோதனை இதற்கென்றே இருக்கிறது.

கணிப்பை ஒற்றை எண்ணாக ஒருபோதும் சொல்லாதீர்கள். இங்கிலாந்து வங்கி, எண் எந்த எல்லைக்குள் விழலாம் என்று காட்டும் விசிறி வடிவ வரைபடத்தை 1996ல் வெளியிடத் தொடங்கியது. நம் ரிசர்வ் வங்கியும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் வரும் பணக் கொள்கை அறிக்கையில் 50, 70, 90 சதவீத எல்லைகளோடு விசிறி போடுகிறது. உங்களுக்கு எளிய வழி இருக்கிறது. ஐந்தாம் படியில் சேர்ந்த 36 பிழைகளையும் (வந்த எண்ணிலிருந்து கணிப்பைக் கழித்து) குறியோடு சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்துங்கள். இரு முனையிலும் நான்கு நான்கை ஒதுக்குங்கள். மிஞ்சிய 28ன் இரு எல்லைகளையும் உங்கள் கணிப்போடு கூட்டினால் ஏறக்குறைய 80 சதவீத எல்லை கிடைக்கும். அது மேல்பக்கம் நீண்டிருந்தால் அப்படியே விடுங்கள், சமமாக்க வேண்டாம். காய்கறி விலை ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றல்ல.

ஒன்பதாம் படி: வெளியாகும் முன்பே எழுதிவையுங்கள்

ஒரு குறிப்பேடு அல்லது ஒரு தாள் எக்செல். மாதக் கடைசியில் தேதியோடு கணிப்பு, எல்லை, எந்த மாடல், என்ன காரணம் என்று எழுதுங்கள். 12ஆம் தேதி வந்த எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். பழைய வரியைத் திருத்தவே கூடாது. பழைய தரவில் நடத்திய சோதனை எவ்வளவு கவனமாக இருந்தாலும், அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர்தான் அதை நடத்துகிறார். மாறிகளைத் தேர்ந்தெடுப்பதிலேயே அந்த அறிவு புகுந்துவிடும். முன்கூட்டி எழுதிய குறிப்பேட்டில் மட்டும்தான் அது புகாது.

மாடலுக்குத் தெரியாத செய்திகள் வரும். 2023 ஆகஸ்ட் கடைசியில் சமையல் எரிவாயு சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைத்தார்கள். அதே மாதம் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள், டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏராளமான பொருள்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. இப்படி வரும்போது கையால் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆனால் மாடல் சொன்னதை ஒரு பத்தியிலும் உங்கள் திருத்தத்தை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். ஓராண்டு கழித்து உங்கள் திருத்தங்கள் உதவினவா கெடுத்தனவா என்று பார்க்கலாம். சிலிண்டர் மாதிரி விலை நேரடியாகத் தெரிந்த இடங்களில் உதவியிருக்கும், "இந்த மாதம் மழை சரியில்லை" போன்ற உணர்வுகளில் பெரும்பாலும் கெடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதக் கணிப்பு கைக்கு வந்தபின் மூன்று மாதத்துக்கு நகருங்கள். தினசரி விலை தரும் அனுகூலம் அங்கே வேகமாகக் கரைந்துவிடும், பருவகாலமும் பேஸ் எஃபெக்டும்தான் மிஞ்சும். பன்னிரண்டு மாதத்துக்குப் போனால் போன ஆண்டுக் குறியீட்டிலும் தெரியாத மாதங்கள் வந்துவிடும், அங்கே 4 சதவீத இலக்கையே கணிப்பாக வைத்தால் கிடைக்கும் பிழையை முதலில் கணக்கிட்டு, அதை எதிராளியாக நிறுத்துங்கள். ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, பக்கம் போக விரும்பினால் அமெரிக்க மத்திய வங்கியின் அட்லாண்டா பிரிவு (அட்லாண்டா ஃபெட்) 2014லிருந்து நடத்தும் ஜிடிபிநவ் என்ற கணிப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். மொத்தத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தரவு வெளியாக வெளியாகக் கணிப்பைப் புதுப்பிக்கும் முறை அது. காய்கறியையும் எரிபொருளையும் தனித்தனியாகக் கணித்துப் பழகியவருக்கு அதன் அமைப்பு எளிதில் பிடிபடும். இந்திய ஜிடிபி எண்கள் காலாண்டுக்கு ஒருமுறைதான் வரும், பலமுறை திருத்தவும் படும், ஆகவே இரண்டாம் படியில் சொன்ன தேதிப் பத்தியை அங்கே ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்றாக நீட்டிக்கொள்ளுங்கள்.